பழைய லாரி ஹீட்டரில் சூடு ஏன் குறைகிறது?

மதுரையில் லாரி ஹீட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குண்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வண்டி மாட்டுத்தாவணிக்கும் கப்பலூருக்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் கொடைக்கானலில் இருந்து கேரட், பீன்ஸ் ஏற்றி வருகிற மினி லாரிகள், போடி மெட்டு ஏறி மூணாறு போகிற வண்டிகள், டிசம்பர் மாதத்தில் பஞ்சாப் வரைக்கும் லோடு கொண்டுபோகிற பெரிய லாரிகள் எல்லாம் இந்த ஊர்ப் பட்டறைகளில் வேலை பார்த்து ஓட்டப்படுகிறவைதான். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், மதுரையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியவர் மேலே போய்ச் சேரும்போது பன்னிரண்டு டிகிரிக்குக் குறையாமல் குளிர் கூடியிருக்கும்.

குளிரைக் கம்பளி போர்த்திச் சமாளித்துவிடலாம். கண்ணாடியைச் சமாளிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருமாள்மலை பக்கம் மூடுபனி இறங்கும்போது வெளியே இருப்பது பாதிதான் தெரியும், உள்ளே நாம் விடுகிற மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து மீதியையும் மறைத்துவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி என்று கொண்டை ஊசி வளைவு எடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று மலை ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடான காற்று கண்ணாடியில் அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடும். ஹீட்டரை நான் பிரேக், வைப்பர் வரிசையில்தான் வைப்பேன், சொகுசு வரிசையில் அல்ல.

அப்படி இருந்தும் ஹீட்டர் சரியாகச் சூடு தராவிட்டால் நம்மிடம் கிடைக்கும் பதில்கள் குழப்பமானவை. கேஸ் தீர்ந்திருக்கும் என்பார்கள், மோட்டார் வீக் என்பார்கள், பழைய வண்டி அப்படித்தான் என்றும் சொல்லிவிடுவார்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் இந்தப் பதில்களில் எது சரி, எது தப்பு என்று நீங்களே பிரித்துவிடலாம்.

கொடி அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்

பழைய வீடுகளில் மண் அடுப்பை ஒட்டிப் பக்கத்தில் ஒரு கொடி அடுப்பு இருக்கும். அதற்கென்று தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பில் சோறு வேகும்போது மிஞ்சுகிற தழலும் சூடும் நடுவில் இருக்கும் துவாரம் வழியாக இந்தப் பக்கம் வரும், அதில் வெந்நீரோ குழம்போ வைத்திருப்பார்கள். கொடி அடுப்பில் வெந்நீர் காயவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பெரிய அடுப்பே சரியாக எரியவில்லை. அல்லது நடுத் துவாரத்தைச் சாம்பல் அடைத்திருக்கிறது. அல்லது பானை அடுப்பின் மேல் ஒழுங்காக உட்காரவில்லை.

லாரி ஹீட்டரும் இதே போலத்தான். அதற்குத் தனியாக நெருப்போ மின்கம்பியோ கிடையாது. இன்ஜின்தான் பெரிய அடுப்பு. ஹீட்டர் அதன் மிச்சச் சூட்டை வாங்கிக் கேபினுக்குள் விடுகிறது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது என்ன

இன்ஜினில் எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதி இன்ஜினின் இரும்பில் ஏறுகிறது, அதை உடனுக்குடன் எடுக்காவிட்டால் பிஸ்டன் பிடித்துவிடும். அந்தச் சூட்டை எடுப்பதற்காக இன்ஜினைச் சுற்றி ஓடுகிற திரவம்தான் கூலன்ட். வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது, முன்னால் இருக்கும் ரேடியேட்டர் காற்றில் ஆற்றுகிறது, ஆறியது திரும்ப இன்ஜினுக்கு வருகிறது.

இந்தச் சுற்றில் இன்ஜினில் இருந்தே ஒரு சின்னக் கிளை பிரிந்து டேஷ்போர்டுக்குள் போகும். அங்கே ஒரு புத்தகம் அளவுக்கு இன்னொரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கும், அதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். சூடான கூலன்ட் ஒரு ஓஸ் வழியாக அதற்குள் போய் இன்னொரு ஓஸ் வழியாக வெளியே வரும். அதன் மேல் காற்றை ஊதும் விசிறிதான் ப்ளோயர். டேஷ்போர்டில் நீலத்தில் இருந்து சிவப்புக்கு நகர்த்தும் பிடி, சில வண்டிகளில் கூலன்ட் வரும் வழியில் இருக்கும் ஒரு குழாய் வால்வைத் திறக்கும், சிலவற்றில் காற்றை ஹீட்டர் கோர் பக்கம் திருப்பிவிடும் ஒரு தகட்டுக் கதவை நகர்த்தும்.

இன்னும் ஒரே ஒரு பாகம் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் ஒரு பெரிய பகுதி அதைப் பற்றியதுதான். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு காவல் கதவு இருக்கிறது. அதுதான் தெர்மோஸ்டாட், பட்டறையில் பலர் வெறுமனே வால்வு என்பார்கள். உள்ளே ஒரு மெழுகு உருண்டை இருக்கும். கூலன்ட் சுமார் 80 டிகிரியை நெருங்கியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயும் ஹீட்டரிலும் மட்டும் சுற்றும், அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். திறந்த பிறகும் தேவைக்குத் தக்கபடி கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து 80க்கும் 95க்கும் இடையில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கூலன்ட் சூடாக இருக்க வேண்டும், அது ஹீட்டர் கோர் வழியாக ஓட வேண்டும், அதன் மேல் காற்று பட வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கேபினில் சூடு குறையும்.

கேஸ், டீசல், ஓவர் ஹீட்: மூன்று தவறான பேச்சுகள்

கேஸ் என்பது ஏசிக்கு உரியது, ஹீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள லாரிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்த பிறகு ஏசி, ஹீட்டர் இரண்டையும் ஒன்றாகவே போட்டுப் பேசுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே துவாரத்தில் காற்று வருவதால் வருகிற குழப்பம் இது. ஹீட்டர் சூடு தரவில்லை என்று போய்க் கேஸ் நிரப்பிக்கொண்டு வந்தால் காசு போனதுதான் மிச்சம்.

ஹீட்டர் போட்டால் டீசல் குடிக்கும் என்பதும் சரியில்லை. ஏசி கம்ப்ரசரை இன்ஜின் சுற்ற வேண்டும், அதற்கு டீசல் செலவாகும். ஹீட்டருக்கு ப்ளோயர் ஓடும் கரண்ட் மட்டும்தான். சூடு ஏற்கெனவே வீணாகப் போய்க்கொண்டிருப்பது.

மூன்றாவது பேச்சுதான் உண்மைக்கு நேர் எதிரானது: ஹீட்டர் போட்டால் இன்ஜின் ஓவர் ஹீட் ஆகும் என்பது. ஹீட்டர் கோர் ஒரு கூடுதல் ரேடியேட்டர் மாதிரி, அது இன்ஜினில் இருந்து சூட்டை எடுக்கத்தான் செய்யும். சித்திரை வெயிலில் முழு லோடோடு காட் ரோடு ஏறும்போது இன்ஜின் சூட்டு ஊசி சிவப்பை நோக்கிப் போனால், ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். உங்களுக்கு வேர்த்துக் கொட்டும். இன்ஜினுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

இரண்டு ஓஸையும் தொட்டுப் பாருங்கள்

கண்டுபிடிக்கும் வேலை கையால் தொட்டுப் பார்ப்பதில் இருந்து ஆரம்பிக்கிறது. வண்டியை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு, ஹீட்டர் பிடியை முழுச் சிவப்பில் வைத்துச் சில நிமிடம் ஓடவிட்டு, இன்ஜினை அணைத்து விசிறி நின்ற பிறகு இன்ஜினில் இருந்து கேபினுக்குள் போகும் இரண்டு ரப்பர் ஓஸையும் ஒரு துணி வைத்துத் தொடுங்கள். விரல் தடிமனில் இருந்து கட்டைவிரல் தடிமன் வரைக்கும் இருக்கும், கேபின் பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே போவதால் எளிதாகத் தெரியும். ஓஸ்கள் அங்கே இல்லவே இல்லை, அல்லது இன்ஜின் பக்கமே ஒன்றோடு ஒன்று இணைத்து விடப்பட்டிருக்கிறது என்றால் விஷயம் முடிந்தது. முன்பு எப்போதோ ஹீட்டர் கோர் ஒழுகியபோது, ஒழுக்கை அடைக்காமல் ஹீட்டரையே துண்டித்துவிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் வாங்குகிற பழைய வண்டிகளில் இதை எதிர்பார்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டு ஓஸும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் பெரிய அடுப்பும் துவாரமும் நன்றாக இருக்கின்றன, தவறு காற்றுப் பக்கம். ஒன்று நன்றாகச் சுட்டு மற்றது வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால் கூலன்ட் உள்ளே போய் வெளியே வர முடியவில்லை, அடைப்பு அல்லது திறக்காத ஹீட்டர் குழாய் வால்வு அல்லது சிக்கிய காற்று. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே தேவையான சூட்டில் இல்லை, அல்லது கூலன்ட் ஹீட்டர் வரை எட்டவே இல்லை. சூட்டைத் தூரத்தில் இருந்தே அளக்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது, அது இருந்தால் கையைவிட நல்லது. உள்ளே போகும் ஓஸ் 80, வெளியே வருவது 45 என்று காட்டினால் ஓட்டம் மிகக் குறைவு என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

வால்வைக் கழற்றிப் போடும் பழக்கம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் ஹீட்டர் மந்தமாவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். வண்டி ஒருமுறை ஓவர் ஹீட் ஆனதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். "நம்ம ஊருக்கு இது தேவையில்லை தம்பி, எடுத்துட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும், இன்ஜின் கூலா இருக்கும்" என்பார் மெக்கானிக். கேட்பதற்குச் சரியாகத்தான் படும்.

நடப்பது வேறு. கதவே இல்லாததால் இன்ஜினை ஸ்டார்ட் செய்த நொடியில் இருந்தே கூலன்ட் ரேடியேட்டரில் போய் ஆறிக்கொண்டே இருக்கும். காலி வண்டி நாலு வழிச் சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் ஊசி பாதிக்குக்கூட வராது. மதுரை வெயிலில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. மலையில் ஹீட்டரைத் திருப்பும்போதுதான் தெரியும், வெறும் வெதுவெதுப்பான காற்று வரும்.

ஹீட்டரை விடுங்கள், குளிர்ந்தே ஓடும் டீசல் இன்ஜின் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. டீசல் முழுசாக எரியாது, மைலேஜ் குறையும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்து ஆயிலைத் தண்ணியாக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகத் தங்கும். சரி, ஓவர் ஹீட்டாவது நிற்குமா? அதுவும் எல்லா இன்ஜினிலும் நிற்காது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே கீழ்த் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பும் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும், கொதிக்கிற கூலன்டில் ஒரு பகுதி ஆறாமலேயே இன்ஜினுக்குத் திரும்பும். அதாவது சமதளத்தில் தேவைக்கு மேல் குளிர்ச்சி, லோடோடு ஏற்றத்தில் தேவைக்கு மேல் சூடு. கழற்றியதற்குக் காரணமான நோய் அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா, திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று எதையும் கழற்றாமலே பார்க்கலாம். காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஓஸை, விசிறி, பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகாமல், அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் இன்ஜின் சூடாகிக்கொண்டிருந்தாலும் ஓஸ் பல நிமிடம் ஆறியே இருக்கும், அப்புறம் கதவு திறந்ததும் சட்டென்று சுடும். ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் கதவு இல்லை, அல்லது மூடவில்லை. கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்து, ஆறும்போது மூடினால் நல்லது. இல்லாவிட்டால் அதே எண் உள்ள புதியது வாங்கிப் போடுங்கள், கேஸ்கட்டும் புதிதாக. மொத்த வேலையிலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று இது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையும் நேரங்கள் உண்டு. கொடைக்கானலில் இருந்து கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குள் டீசல் ஏறக்குறைய போவதே இல்லை, பெரிய அடுப்பில் விறகு இல்லாத மாதிரி. நிற்கும் வண்டியில் ஐடிலில் ஓடும்போதும் டீசல் இன்ஜின் தருகிற சூடு மிகக் குறைவு. அப்போது மட்டும் ஹீட்டர் தளர்ந்து, ஏற்றத்தில் நன்றாக வந்தால் எதையும் பிரிக்க வேண்டாம்.

கூலன்ட் குறைவும் சிக்கிய காற்றும்

ஹீட்டர் கோர் பெரும்பாலும் சுற்றின் உயரமான இடத்தில் இருப்பதால் கூலன்ட் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். இன்ஜின் சூட்டு ஊசி இன்னும் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டரில் குளிர்காற்று வர ஆரம்பிக்கும். அந்த எச்சரிக்கையை மதித்து அன்றைக்கே கூலன்ட் அளவைப் பார்க்கிறவர் ஹெட் கேஸ்கட் (இன்ஜினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) செலவில் இருந்து தப்பிக்கிறார். ஆனால் சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி அரை பார் அழுத்தம் பிடித்தாலே கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டிவிடும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மலையில் கூலன்ட் கொதித்து வெளியேறி, குறைந்து, ஹீட்டரும் போய்விடும். அதே மூடியைச் சூட்டில் திறந்தால் உள்ளே இருப்பது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் மாற்றிய பிறகு ஹீட்டர் திடீரென்று வேலை செய்யாவிட்டால், அல்லது டேஷ்போர்டுக்குள் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அது ஏர் லாக், அதாவது ஹீட்டர் கோரில் காற்று மாட்டிக்கொண்டு கூலன்டை உள்ளே விடாமல் தடுப்பது. இன்ஜின் ஆறியிருக்கும்போது வண்டியை மூக்குப் பக்கம் உயர்ந்திருக்கும்படி ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சிவப்பில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஓஸ் சூடாகிக் குமிழி நின்றதும் மூடிவிடலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜினின் எரிபுகை கூலன்டில் கலக்கிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். இது பட்டறை வேலை.

உப்புத் தண்ணியும் மஞ்சள் தூளும்

மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. வீட்டில் கெய்சர் ராடிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரிலும் ஹீட்டர் கோரிலும் படியும். ரேடியேட்டர் குழாய்கள் ஓரளவு தாங்கும், ஹீட்டர் கோரின் குழாய்கள் குறுகியவை, அதனால் அதுதான் முதலில் அடைபடும். வழியில் நின்ற இடத்தில் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது அவசரத்துக்கு ஒருமுறை சரி, அதையே பழக்கமாக்கினால் துவாரத்தில் நாமே சாம்பல் கொட்டுகிறோம்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். ஊர் போய்ச் சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் சின்ன ஓட்டையை அடைக்கிற அந்தத் தூளுக்கு ஹீட்டர் கோரின் குறுகிய குழாயும் ஓட்டைதான். கடையில் விற்கும் ஒழுக்கு அடைக்கும் பொடிகளும் இதே கதைதான். ஊர் வந்ததும் ஒழுக்கைச் சரியாகப் பற்றவைத்து, உள்ளே இருப்பதை முழுக்க வடித்துக் கழுவிவிட வேண்டும்.

அடைப்பு என்று தெரிந்தால் கோரை எதிர்த்திசையில் கழுவ வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு ஓஸையும் இன்ஜின் பக்கத்தில் கழற்றுங்கள், கோர் பக்கம் முறுக்கி இழுத்தால் பழைய பற்றவைப்பு விட்டுவிடும். கூலன்ட் வெளியே வரும் ஓஸில் தோட்டத்துக் குழாயை வைத்து, மெதுவான வேகத்தில், மறுபக்கம் வருவது தெளியும் வரை தண்ணீர் விடுங்கள். துருவும் சேறும் கட்டி கட்டியாக வரும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாட்டரை இதில் காட்டாதீர்கள், கோர் வெடித்துவிடும். பாத்ரூம் ஆசிட் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம், அலுமினிய கோராக இருந்தால் ஓட்டை விழும். அலுமினியத்துக்கும் ஆகும் என்று அச்சிட்ட ரேடியேட்டர் கிளீனர் போதும். இதற்கும் மசியாத அடைப்பு என்றால் கோரை மாற்றத்தான் வேண்டும். பழைய பித்தளை கோர் என்றால் ரேடியேட்டர் பட்டறையில் பிரித்துச் சுத்தம் செய்ய முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கழுவிய பிறகு டீசல் இன்ஜினுக்கு உரிய கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் ஊற்றினால் ஹீட்டரில் சூடு கூடும் என்று நினைக்க வேண்டாம், உண்மையில் வெறும் தண்ணீர்தான் கொஞ்சம் அதிகச் சூட்டைச் சுமக்கும். கூலன்டின் வேலை துரு, படிவு, கொதிப்பு, உறைவு ஆகியவற்றைத் தடுப்பது. பாதிக்குப் பாதி கலவை பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரியிலும் உறையாது. வடித்ததைத் தரையில் விடாமல் வாளியில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். கூலன்ட் இனிக்கும், கடும் விஷம். நாய்கள் நக்கிவிடும், குழந்தைகள் இருக்கும் இடமென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

கேபினில் இனிப்பான வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஆவி, இடப்பக்க மிதியடி ஈரம் இவை சேர்ந்தால் கோர் உள்ளேயே ஒழுகுகிறது.

இந்த இரண்டு பகுதிகளின் சாரம்: ஓஸ்களில் ஒன்று சுட்டு ஒன்று ஆறியிருந்தால் முதலில் கூலன்ட் அளவு, பிறகு சிக்கிய காற்று, பிறகு பிடியோடு இணைந்த வால்வு, கடைசியாக அடைப்பு. இந்த வரிசையில் போனால் செலவு குறைந்ததில் இருந்து கூடியதற்குப் போகலாம்.

காற்றுப் பக்கம்

ஓஸ் இரண்டும் சுடுகிறது, காற்று மட்டும் ஆறி வருகிறது என்றால் பானை சரியாக உட்காரவில்லை. டேஷ்போர்டுப் பிடியில் இருந்து போகும் கம்பி கழன்றோ இறுகியோ இருக்கும், பிடி சிவப்பைக் காட்டும், தகட்டுக் கதவு நீலத்திலேயே நிற்கும். கையால் கதவைத் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்றதில் நின்றால் மோட்டாரைத் தொட வேண்டாம், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. வேப்ப மரம், புளிய மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இலையும் பூவும் கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரம் வழியாக விழுந்து கோரின் மேல் மெத்தை மாதிரி படிந்துவிடும்.

பழைய வண்டிகளில் பலரும் கவனிக்காதது கேபினின் ஓட்டைகள். சேசிஸாக வாங்கி வெளியே பாடி கட்டிய லாரிகளில் கதவு ரப்பர் கிழிந்து, பெடல் தண்டு வரும் துவாரத்திலும் கியர் ராடு அடியிலும் இடைவெளி விட்டிருக்கும். ஹீட்டர் எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது வெளியே போய்விடும். இந்த ஓட்டைகளை அடைப்பது மலிவான வேலை, பலன் உடனே தெரியும். அதைவிட முக்கியம், இன்ஜின் புகை உள்ளே வருவதும் இந்த வழியாகத்தான்.

கண்ணாடி தெளிய வேண்டுமென்றால் காற்றை உள்ளேயே சுற்ற விடாமல் வெளிக்காற்றை எடுக்கும் நிலையில் பிடியை வையுங்கள். உள்காற்றில் நம் மூச்சின் ஈரம்தான் திரும்பத் திரும்பச் சுற்றும். ஏசி இருந்தால் ஹீட்டரோடு சேர்த்துப் போடலாம், ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் சூடாக்கும்.

ஹீட்டரே இல்லாத வண்டி

நம் பழைய லாரிகள் பலவற்றில் ஹீட்டர் வந்ததே இல்லை. சிகரெட் லைட்டரில் சொருகும் மின் ஹீட்டர்களை வாங்கி ஏமாறாதீர்கள். அவை 150 வாட் அளவு, வீட்டில் வாளித் தண்ணீர் காயவைக்கும் ராடே 1,500 வாட். கூலன்டில் ஓடும் நல்ல ஹீட்டர் சில ஆயிரம் வாட் சூடு தரும். இன்ஜினில் ஓஸ் எடுக்க வழி இருந்தால் கோரும் ப்ளோயரும் சேர்ந்த தனிப் பெட்டியைப் பொருத்திக்கொள்ளலாம், நல்ல பட்டறையில் ஒரு நாள் வேலைதான்.

கேபினை மூடிக்கொண்டு உள்ளே அடுப்போ கரியோ பற்றவைத்துத் தூங்குவது மட்டும் எந்தக் குளிரிலும் கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கிளீனர் பையன் குளிர் தாங்கவில்லை என்று சொன்னால் இன்னொரு கம்பளி வாங்கிக் கொடுங்கள், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவும் விடாதீர்கள்.

பட்டறையில் என்ன கேட்பது

"ஹீட்டர் சரியில்லண்ணே" என்று மட்டும் சொன்னால் டேஷ்போர்டைப் பிரிக்கத்தான் உட்காருவார்கள், பழைய பிளாஸ்டிக் உடையும், கூலியும் ஏறும். அதற்குப் பதிலாக, "அண்ணே, வால்வு உள்ளே இருக்கா பாருங்க, ரெண்டு ஓஸும் வெதுவெதுப்பா இருக்கு" என்றோ, "ஒரு ஓஸ் சுடுது, ஒண்ணு ஆறியிருக்கு" என்றோ சொல்லுங்கள். தெர்மோஸ்டாட், கூலன்ட், மூடி, ஓஸ், கம்பி இவ்வளவும் பார்த்து முடிக்காமல் டேஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு ஓஸும் சுடவில்லை என்றால் வாட்டர் பம்ப்பின் உள் இறக்கை தேய்ந்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கூலன்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ரேடியேட்டர் பக்கத்தில் பெயின்டில் எழுதி வாங்கிக்கொண்டு, மலைக்குக் கிளம்பும் முன் திருமங்கலம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிப் பார்த்து, ஊசி பாதிக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள்.